ஒரு வீட்டில் மூன்று அடுப்பு

அத்தியாயம் 14

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். குரும்பலூரிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் இரண்டு புது மண் அடுப்புகள் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு அடுப்பு தேவைப்பட்டதே இல்லை. என் பாட்டனார் காலத்தில் போட்ட அடுப்பு ஒன்று சமையல்கட்டில் இருந்தது. பதினேழு பேர் சாப்பிட்ட நாளிலும் அது ஒன்றே போதுமாயிருந்தது. சுற்று வட்டாரத்தில் எங்களை 'ஒத்தை அடுப்பு வீடு' என்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கு அது சர்க்கார் கொடுத்த பட்டத்தைவிடப் பெரிது.

"என்னடா இது?" என்றேன் தம்பியிடம்.

அரங்கநாதன் வண்டிக்காரனுக்குக் கேட்காதபடி கிட்டே வந்தான். "இன்னிக்கு மத்தியானம் ஆபீசர் வராருண்ணே. ஆடிட்டர் மில்லுக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. வூட்டுக்கே வந்து பாப்பாங்களாம்."

"எதைப் பாக்கறதுக்கு?"

"தனித்தனியா பொங்கித் திங்கிறமான்னு."

பேச என்ன இருக்கிறது? பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். நான் ராசாங்கம், மூத்தவன், ஊர் மணியக்காரன். நிலத் தீர்வையை வசூலித்து அரசாங்கத்துக்குக் கட்டுகிற உத்தியோகம். அப்போது அது நாலாவது தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்தது. அடுத்தவன் அரங்கநாதன் அரியலூரில் கடலை மில் நடத்தினான். கடைசித் தம்பி பூமாலை மஞ்சள்காமாலையில் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டான். அவன் மனைவி கமலவேணியும் எட்டு வயதுப் பெண் குழந்தையும் எங்களோடு இருந்தார்கள்.

நிலமும் மில்லும் எல்லோருக்கும் பொது. மில் வருமானம் முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுந்தால் வருமான வரி பெரிதாக வரும். மூன்று குடும்பமாகப் பிரிந்துவிட்டோம் என்று காட்டினால் வருமானம் மூன்றாக உடையும். வரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். திருச்சி ஆடிட்டர் காட்டிய வழி அது. போன ஐப்பசியில் ஒரு நாள், சொத்தை மூன்று பாகமாக எழுதிய பத்திரத்தை அரங்கநாதன் என்முன் வைத்தான். "காயிதத்துல மட்டுந்தாண்ணே" என்றான். நான் போட்டேன். அவன் போட்டான். பூமாலையின் பாகத்துக்காகக் கமலவேணி போட்டாள். அன்றும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டோம்.

அந்தக் காகிதத்தைத்தான் அதிகாரி சரிபார்க்க வருகிறார்.

என் மனைவி பொன்னம்மாள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். "ஏந் தம்பி, அப்ப பழைய அடுப்ப இடிச்சுடணுமா?"

"ஐயோ, வேணாம் அண்ணி. அது உங்களுது. இதுல ஒண்ணு தனத்துக்கு, ஒண்ணு கமலவேணிக்கு. இன்னிக்கு ஒரு பொழுதுக்குத்தான்."

அரங்கநாதனின் மனைவி தனம் பின் தாழ்வாரத்தில் தன் அடுப்பை வைத்தாள். கமலவேணிக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பு. செம்மண் பூசிய அடுப்புகள் பளிச்சென்று இருந்தன. யார் பார்த்தாலும் நேற்றுச் சூளையிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடுவார்கள். தனம் பழைய தோசைக்கல்லின் அடியைச் சுரண்டிக் கரி எடுத்து, எண்ணெயில் குழைத்து அடுப்பின் வாயில் பூசினாள்.

"பொண்ணுக்கு மை வெக்கிற மாதிரி வெக்கிறியேடி" என்றாள் பொன்னம்மாள்.

"ஆபீசர் பொண்ணு பாக்கத்தானே வராருக்கா. புடிச்சுப்போச்சுன்னா வரி கொறையும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

*

காலையில் எனக்கு வேறு வேலை இருந்தது. வசூல் மாதம். அது நெருக்கடி நிலைக் காலம் வேறு. பாக்கி வைத்தவர்கள் பெயர்ப்பட்டியலைத் தாலுகா ஆபீசில் வாரம் ஒருமுறை கேட்டார்கள். தலையாரியைக் கூட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனேன். அரியமுத்து வீட்டில் மூன்று வருஷத் தீர்வை பாக்கி. ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் நஞ்சை அவனுக்கு. ஏரி இரண்டு வருஷமாக நிரம்பவில்லை. ஆனால் தள்ளுபடி உத்தரவு எங்கள் ஊருக்கு வரவில்லை.

அரியமுத்து செட்டிகுளத்துக்கு வெங்காயம் பிடுங்கப் போயிருந்தான். அவன் மனைவி இருசம்மாள்தான் இருந்தாள்.

"பதினெட்டு ரூபாய் நாற்பது காசு" என்றேன். "நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் ஆச்சு."

"அவரு வந்ததும் கட்டிப்புடறோம்யா. சனிக்கிழம கூலி போடுவாங்க."

"போன மாசமும் சனிக்கிழமைன்னுதான் சொன்ன."

"போன மாசத்துச் சனிக்கிழம புள்ளைக்குக் காய்ச்சல்ல போச்சுய்யா."

தலையாரி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன். அவன் உள்ளே குனிந்து போய்ப் பித்தளை அண்டாவைத் தூக்கிவந்தான். பாக்கிக்கு ஈடாகச் சாமானை எடுத்துச் சாவடியில் வைப்பது, ஜப்தி. பணம் கட்டினால் திரும்பக் கிடைக்கும், கட்டாவிட்டால் ஏலம். நாற்பது வருஷத்தில் என் தகப்பனாரும் நானும் எடுத்த பாத்திரங்களுக்குக் கணக்கில்லை. சட்டப்படி எடுத்தோம்; ஒரு பைசா கூடுதலாக எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில் முதல் ரசீது எங்கள் வீட்டுப் பெயரில்தான் கிழியும். தன் தீர்வையைக் கட்டாத மணியக்காரன் பிறத்தியான் வாசலில் நிற்கக்கூடாது என்பது என் தகப்பனார் வைத்த வழக்கம். அந்தத் தைரியத்தில்தான் இருசம்மாள் வாசலிலும் நின்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "உங்க வூட்ல அடுப்பு மூணாயிடுச்சாமே?" என்றாள்.

தலையாரி "ஏய், வாயப் பாத்துப் பேசு" என்றான்.

"நீ சும்மா இரு. நான் மணியாரய்யாவத்தான் கேக்கறேன். குரும்பலூர் வண்டி எங்க தெருவழியாத்தானே போச்சு? எம் புருசன் நாலு மாசம் ஒங்க மில்லுல மூட்ட தூக்குனவரு. மூட்ட தூக்குறவனுக்குத் தோளு மட்டுந்தான் இருக்கு, காது இல்லன்னு நெனச்சுப் பேசுவாங்கபோல. வரிக்காக வூடு பிரியறாங்கன்னு அப்பவே வந்து சொன்னாரு. நான் நம்பல. ஒத்தை அடுப்பு வூடாச்சே, அதெல்லாம் செய்ய மாட்டாங்கன்னேன்."

"அது வேற விஷயம்" என்றேன்.

"வேறதான்யா. நாங்களும் மூணு அடுப்பு வெச்சுக்கறோம். எனக்கு ஒண்ணு, எம் மாமியாளுக்கு ஒண்ணு, எம் மவளுக்கு ஒண்ணு. எங்க பதினெட்டு ரூவா கொறயுங்களா?"

தெருவில் யாரோ சிரித்தார்கள். தலையாரி அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். நான் அவன் பின்னால் நடந்தேன். அந்தத் தெருவில் எப்போதும் அவனுக்கு முன்னால் நடக்கிறவன் நான்.

*

அதிகாரி ஒரு மணிக்கு ஜீப்பில் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல்பை. பெயர் செல்வநாதன் என்றார். ஏலாக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊராம். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம்.

மோர் கொண்டுவரச் சொன்னேன். "வேலை முடியட்டும்யா, அப்புறம் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்" என்றார். சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது. கடுமையாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அரங்கநாதன் மடமடவென்று பேசிக்கொண்டே முன்னால் நடந்தான். "இது அண்ணன் பாகம் சார். இந்த நடையோட அவருக்கு முடிஞ்சுது. பின்கட்டு எங்களுக்கு. அந்தப் பக்கம் தம்பி சம்சாரத்துக்கு. வாசல் மட்டும் பொதுவுல வெச்சிருக்கோம் சார், வாஸ்து பாத்து."

"தனித்தனிச் சமையலா?"

"ஐப்பசியிலருந்தே சார்."

அதிகாரி சமையல்கட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். பொன்னம்மாள் எழுந்து ஒதுங்கி நின்றாள். எங்கள் பழைய அடுப்பில் பெரிய பானை. "திறந்து பாக்கலாங்களாம்மா?" என்று கேட்டார். அவள் கரித்துணியால் மூடியை எடுத்தாள். சோறு. வடித்து நிமிர்த்திய சோறு, பானை நிறைய.

"குழம்பு?"

பொன்னம்மாள் என்னைப் பார்த்தாள்.

அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பின் தாழ்வாரத்துக்கு நடந்தார். தனத்தின் அடுப்பில் மண்சட்டி. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, எட்டுப் பேருக்குக் காணும். பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. அங்கிருந்து சாய்ப்புக்குப் போனார். கமலவேணியின் அடுப்பில் ஒரு சட்டிக் கீரை. கடைந்து, கடுகு தாளித்து மூடியிருந்தாள்.

அவர் நிமிர்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஏம்மா, பெரியவர் வீட்ல வெறும் சோறு. உங்க வீட்ல வெறும் குழம்பு. இவங்க வீட்ல வெறும் கீரை. அப்படித்தான் சாப்பிடுவீங்களா?"

அரங்கநாதன் முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார், ஏதோ..." என்று ஆரம்பித்தான்.

தனம் முந்திக்கொண்டாள். அவளுக்குப் பொய் தெரியாது, அவசரம்தான் தெரியும். "சோறு எப்பவும் அக்காதான் சார் வடிப்பாங்க. எனக்கு வடிக்க வராது, கொழஞ்சிடும். கொழம்பு நான் வெப்பேன். கீர கடையறது கமலவேணிதான். அடுப்பு வேற வேறயா இருக்கணும்னுதானே சொன்னாங்க? வெச்சிட்டோம்ல?"

மூன்று அடுப்பில் பெண்கள் ஒரு சமையலைச் செய்திருந்தார்கள். மூன்று சமையல் செய்ய வேண்டும் என்பது யார் மனத்திலும் தோன்றவே இல்லை. பதினோரு வருஷமாக ஒரு அடுப்பில் மூன்று கை வேலை செய்தது. இன்று மூன்று அடுப்பிலும் அதே மூன்று கை. அரங்கநாதன் இதைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டான். அவனுக்கும் தோன்றியிருக்காது. அவனும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தானே.

*

கூடத்தில் உட்கார்ந்தோம். அதிகாரி பையிலிருந்து காகிதம் எடுத்தார். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஐயா, நீங்க குடும்பத்துக்கு மூத்தவர். மணியக்காரர் வேற. நான் பானைய வெச்சு முடிவு பண்ண விரும்பலை. உங்க வாய்மொழியா எழுதிக்கிறேன். குடும்பம் நெசமாவே பிரிஞ்சிருக்கா, இல்லையா?"

"அண்ணே" என்றான் அரங்கநாதன். ஒரே ஒரு சொல். சின்ன வயதில் ஏரியில் கால் வழுக்கி விழுந்தபோது கூப்பிட்ட குரல்.

'பிரிந்துவிட்டோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். சந்தேகப்பட்டாலும் என் கையெழுத்தைத் தாண்டிப் போவது கஷ்டம். மில் பிழைக்கும். தம்பி பிழைப்பான். நான் சொல்லவில்லை. பெரிய தர்மவான் என்பதால் அல்ல. என் வீட்டுப் பெண்கள் ஒரு வேற்று மனிதன் முன்னால் சட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு விழித்து நின்றார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதோடு, இருசம்மாள் வாசலில் பதில் சொல்லாமல் திரும்பி வந்தவன் நான். ஒரே நாளில் இரண்டாவது முறை தலை குனிய எனக்குக் கழுத்து வளையவில்லை.

"பிரியலைங்க" என்றேன். "பத்திரம் எழுதினது வாஸ்தவம். கையெழுத்து என்னுதுதான். ஆனா நாங்க ஒரே குடும்பம். இன்னிக்கு வரைக்கும் ஒரே சமையல்."

செல்வநாதன் நான் சொன்னதை அப்படியே எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"மொத்த வருமானமும் ஒரே குடும்பத்து வருமானமாத்தான் எடுத்துக்குவோம்" என்றார் அரங்கநாதனிடம். "அபராதம் எவ்வளவுங்கறது என் கையில இல்லை. உங்க அண்ணன் தானா சொன்னதையும் எழுதியிருக்கேன். மில் புத்தகங்களோட திங்கட்கிழமை வாங்க."

எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். மோர் நினைவு வந்தது எனக்கு. அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. ஜீப் பெரம்பலூர்ச் சாலையில் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வீட்டுக்குள் போவதற்கு மனம் வரவில்லை.

*

அரங்கநாதன் கூடத்தில் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தாறு வயது மனிதன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு ஆகும்?" என்றேன்.

"அத இப்ப கேக்கறீங்களா? மேல போகப் போக நூத்துக்கு எழுவது, எழுவத்தஞ்சுன்னு எடுக்கறான். அபராதத்தோட சேத்தா மில்ல வித்துத்தான் கட்டணும். அரியலூர்ல வந்து கேளுங்க. எவன் முழுசாக் கட்றான்? ஒருத்தன் பேரு சொல்லுங்க."

"ஊர்ல எவன் கட்டினான், கட்டலைங்கறது நமக்கு எதுக்கு? நாம மொத ரசீது கிழிக்கிற வீடுடா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அவனிடம் பார்த்ததில்லை.

"மொத ரசீதா? அந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சுண்ணே? ஏரி ரெண்டு வருசமா காஞ்சு கெடக்கு. நெலத்துல என்ன வெளஞ்சுது? தை மாசம் மாசப் பொறப்பன்னிக்கு நான் மில்லுலருந்து கொண்டாந்து குடுத்தேன். எந்தப் புத்தகத்துலயும் ஏறாத பணம் அது. அத வெச்சுத்தான் நீங்க மொத ரசீது கிழிச்சீங்க. பத்து வருசமா. மணியக்காரர் சம்பளத்துலயா இந்த வூட்டுக்குத் தளம் போட்டோம்? பூமாலைக்கு வேலூர்ல வைத்தியம் பாத்தமே, யாரு பணம்? நீங்க ஒருநாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. தம்பி கையில் பணத்தை வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவனை அவமதிப்பது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"கேக்கலை" என்றேன்.

"அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கு வாயத் தொறந்தீங்க? ஒங்களுக்குப் பேரு நெலச்சு நின்னுச்சு. எனக்கு என்ன நிக்குது?"

"தம்பி, நிலம் இருக்கு. எம் பாகத்தை வித்துக் கட்டுவோம்."

"ஒங்க பாகமா?" அவன் எழுந்தான். "இப்பத்தானே ஆபீசர்கிட்ட சொன்னீங்க, பாகமே இல்லைன்னு. ஒரே குடும்பம்னு. தனம், துணிய எடு. அரியலூர் போறோம்."

தனம் ஓடிவந்து என் எதிரில் நின்றாள். "மாமா, என்னாலதான் மாமா. நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். ஒரு பிடி சோறு வடிச்சிருந்தா ஆயிருக்குமே." அவள் கையில் இன்னும் அந்தக் கரி இருந்தது.

"உன்னால இல்லம்மா" என்றேன்.

மில் கட்டடத்தின் பின்னால் இரண்டு அறை இருந்தது. மில்லில் வேலை மிஞ்சிய நாட்களில் அரங்கநாதன் தங்குகிற இடம். அங்கே போவதாகச் சொன்னான். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். தனம் ஒரு டிரங்குப்பெட்டியும் ஒரு மூட்டையும் கட்டினாள். பொன்னம்மாள் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள்; வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

வாசலில் நின்ற மில் காரின் கதவை அவன் திறந்தபோது நான் வாசற்படியில் நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து சாப்பாட்டு வேளையில் யாரும் பசியோடு கிளம்பியதில்லை. சண்டைக்கு வந்தவர்கள்கூட இலை போட்ட பிறகுதான் போயிருக்கிறார்கள்.

"சாப்பிட்டுட்டுப் போடா" என்றேன்.

அரங்கநாதன் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"எந்த அடுப்புச் சோறுண்ணே?"

கார் போய்விட்டது.

மத்தியானம் ஒரு அதிகாரியின் முன்னால் நான் சொன்னேன், நாங்கள் ஒரே குடும்பம் என்று. அந்த நேரத்தில் அது சத்தியம். வெயில் தாழ்வதற்குள் பொய்யாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு பொய்யான வாக்குமூலத்தை எந்த ஆபீசில் போய்த் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

பொன்னம்மாள் சமையல்கட்டில் முகத்தை மூடி உட்கார்ந்துவிட்டாள். மூன்று இடத்திலும் சாப்பாடு ஆறிக் கிடந்தது. குழந்தைக்கு மட்டும் கமலவேணி சோறு பிசைந்து ஊட்டியிருந்தாள்.

நான் கூடத்தில் விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். மில்லை விற்பதா, ஆற்றங்கரை நிலத்தை விற்பதா, எதை விற்றால் ஊர் குறைவாகப் பேசும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை.

கதவோரம் நிழல் தெரிந்தது. கமலவேணி.

எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தவனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள்; தனம்கூட இன்றுதான் பதற்றத்தில் அதை மறந்தாள். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷத்தில் அவள் குரல் என் காதில் நேராக விழுந்ததில்லை. என்ன வேண்டுமானாலும் பொன்னம்மாள் வழியாகத்தான் வரும். 'அக்கா, மாமாவக் கேளுங்க, குழந்தைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணுமாம்' என்பாள். நான் பொன்னம்மாளைப் பார்த்து, 'சரின்னு சொல்லு' என்பேன். பூமாலை செத்த அன்றும் அவள் என் முன்னால் வந்து அழவில்லை.

பொன்னம்மாள் எழுந்து வருவாள் என்று கமலவேணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே விசும்பல் மட்டும் கேட்டது.

"மாமா" என்றாள்.

நான் நிமிர்ந்தேன். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முக்காடு நழுவவில்லை; பார்வை தரையில்தான் இருந்தது.

"ஐப்பசியில ஒரு பத்திரத்துல கையெழுத்து வாங்குனீங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் மாமா. முழுசா படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். மூணுல ஒரு பாகம் எனக்கும் எம் பொண்ணுக்கும்னு எழுதியிருந்துச்சு. மில்லுலயும் நெலத்துலயும்."

"ஆமா."

"சின்ன மாமா காயிதத்துல மட்டுந்தான்னு ஒங்ககிட்ட சொன்னாங்களாம். எங்கிட்ட யாரும் சொல்லல. அன்னிலேருந்து இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அது நெசம்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எம் பொண்ணுக்கு அவ அப்பா வெச்சுட்டுப் போனது இருக்குன்னு. நீங்க ஆபீசர்கிட்ட பிரியலைன்னு சொன்னீங்க. வரிக்காக எழுதுனது பொய்யின்னா, அதுவும் பொய்தானா மாமா?"

தம்பி செத்து மூன்று வருஷம். அவன் பாகம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று என் மனத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. சோறு போட்டேன், துணி எடுத்தேன், பிள்ளையைப் படிக்க வைத்தேன். குறை வைக்கவில்லை என்று இருந்தேன்.

"கமலவேணி" என்றேன். அவள் பெயரை நான் அவளிடம் சொன்னதும் அதுதான் முதல் தடவை. "நீ இந்த வீட்டுப் பொண்ணும்மா. உனக்கோ குழந்தைக்கோ இந்த வீட்ல என்னிக்காவது ஒரு குறை..."

"இல்ல மாமா. அது தெரியும்."

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நான் கேட்டது அதில்ல."